வெப்சைட்டை மாற்றும் முன் பத்திரம் யார் பேரில் என்று பாருங்கள்

சென்னிமலையில் பெட்ஷீட் தறி வைத்திருக்கும் ஒருவர் போன ஐப்பசியில் கூப்பிட்டார். "தம்பி, நம்ம வெப்சைட்டு ரொம்பப் பழசாப் போச்சுங்க. மொத்தத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போட்டறலாமுங்களா?" ஏற்கெனவே இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். இரண்டிலும் முதல் வரி ஒன்றுதான்: புது டிசைன்.

நேரில் போய், அவர் போனிலேயே தளத்தைத் திறக்கச் சொன்னேன். முகவரிக்குப் பக்கத்தில் இது பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை நின்றது. எஸ்எஸ்எல் சான்றிதழ் (போய்வரும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவுவது) இல்லாத தளங்களுக்கு 2018 ஜூலையிலிருந்தே குரோம் இப்படித்தான் காட்டுகிறது. பக்கத்தின் அடியில் வாட் வரி காலத்துப் பதிவு எண்ணான டின் நம்பர். ஜிஎஸ்டி வந்ததோ 2017 ஜூலையில். அதன் மேலே இருந்த லேண்ட்லைனைச் சரண்டர் செய்து பல வருடம் ஆகிவிட்டதாம். விசாரணைப் படிவத்தில் என் பெயரைப் போட்டு அனுப்பிப் பார்த்தேன். 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்' என்று வந்தது. அந்த விசாரணை போய்ச் சேர்ந்த மெயில், எப்போதோ வேலையை விட்டு நின்றுவிட்ட ஒரு பையனுடையது. "அப்போ இத்தன நாளாக் கேட்டவங்களுக்கெல்லாம் நாம பதிலே சொல்லலீங்களா?" என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

இந்த நான்கு கோளாறில் எதற்குமே புது டிசைன் வேண்டியதில்லை. சான்றிதழ், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் மூலம் இலவசமாகவே கிடைக்கும். மீதி மூன்றும் டைப் அடித்துச் சேமிக்கிற வேலை. அரை நாள் போதும், உள்ளே போக லாகின் இருந்தால். அது அவரிடம் இல்லை.

வெப்சைட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பேரில் இருக்கிறது? ஈரோடு, திருப்பூர், பல்லடம் என்று போன இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட பதில், "அது அந்த டிசைனரு பாத்துக்குவாருங்க" என்பது. கடை கட்டிக் கொடுத்த மேஸ்திரி பேரில் கிரயப் பத்திரம் இருந்தால் நமக்குத் தூக்கம் வருமா? அதே கதைதான் இங்கேயும். டொமைனுக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அந்த டிசைனருக்குத்தான் போகும். அவர் தொழிலை மாற்றிக்கொண்டு வெளியூர் போயிருப்பார், பார்க்க மாட்டார். ஒரு நாள் காலையில் தளம் திறக்காது. அதே பெயரில் வைத்திருக்கும் கம்பெனி மெயிலும் கூடவே நின்றுவிடும். இதுதான் பெரிய அடி. டாட் காம் பெயர் என்றால், பதிவு நிறுவனம் தருகிற சலுகை நாட்கள் முடிந்தபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அப்போது கட்டணம் பல மடங்கு. அதையும் விட்டால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். பத்து வருடமாக விசிட்டிங் கார்டிலும், பில்லிலும், பெட்ஷீட் கவரிலும் அச்சடித்த பெயர்!

ஆகவே பதிவுக் கணக்கு உரிமையாளரின் சொந்த மெயிலில், அவர் கையில் இருக்கும் மொபைல் நம்பருக்கு ஓடிபி வருகிற மாதிரி இருக்க வேண்டும். அக்கவுண்டன்ட் மெயிலும் வேண்டாம், மச்சான் மெயிலும் வேண்டாம். தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங்குக்கும் இதே கணக்குத்தான். சென்னிமலைக்காரருக்கு இதை வாங்கித் தரவே மூன்று வாரம் போனது. பழைய டிசைனர் நல்ல மனிதர், தேடிப் பிடித்ததும் மாற்றிக் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

சரி, பத்திரம் கைக்கு வந்துவிட்டது. இப்போது எதை, எப்படி மாற்றுவது? அழகை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். எது எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாறும், மாறும்போது யார் உட்கார்ந்து மாற்றப் போகிறார்கள் என்று பாருங்கள். ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரருக்கு விலை தினமும் மாறும். அதை வெப்சைட்டில் போட்டால் நேற்றைய விலைதான் நிற்கும். வாட்ஸ்அப் பட்டன் ஒன்று வைத்துவிட்டு விலையை அங்கேயே சொல்வது நல்லது. திருப்பூரில் நிட்டிங் யூனிட் நடத்துபவரின் தளத்தை வெளிநாட்டு பையர் திறப்பது, என்ன மெஷின் இருக்கிறது, காட்ஸ், ஓகோ டெக்ஸ் போன்ற துணித் தரச் சான்றிதழ் உண்டா என்று பார்க்க. அது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மாறினாலே அதிகம். அவருக்கு நாலைந்து சாதாரணப் பக்கங்கள் போதும், பராமரிப்பும் குறைவு.

டிசைனும் நிறமும் சீசனுக்குச் சீசன் மாறுகிற பெட்ஷீட் கடைக்குத்தான், தாமே படம் ஏற்றிக்கொள்ள வேர்ட்பிரஸ் மாதிரி ஒரு மென்பொருள் தேவைப்படும். ஆனால் அது மாடு மாதிரி, தினமும் தீனி போட்டுப் பார்க்க வேண்டும். அதில் சேர்க்கும் துணை மென்பொருள்களான பிளக்இன்களை அப்டேட் செய்யாமல் விட்ட ஒரு தளத்தைக் கூகுளில் தேடியபோது, கம்பெனி பெயருக்குக் கீழே வரிவரியாக ஜப்பான் எழுத்தில் விளம்பரம் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸை ஓட்டுகிற பிஎச்பி மொழி எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள், 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்துவிட்டது. அப்டேட் பட்டனை அழுத்தும் முன் முழு பேக்கப் எடுத்து, தளத்தின் நகல் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் கை வைக்காதீர்கள்.

மொத்தமாக மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய பக்கங்களின் முகவரிகளை ஒன்று விடாமல் எழுதி வையுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பம்ப் ஸ்பேர்ஸ் கம்பெனிக்குத் தளத்தைப் புதிதாகக் கட்டினேன். ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்புதல் மூலம் அனுப்ப வேண்டும். நான் செய்யவில்லை. கூகுளில் தேடி வந்தவர்களுக்கெல்லாம் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 பக்கம்தான் கிடைத்தது. போன் வருவது அடங்கிப்போனது. "ஏனுங்க, புதுசு போட்டதுல இருந்து ஒருத்தருங்கூடக் கூப்பிடறதில்லைங்களே" என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அதை இன்றும் நான் மறக்கவில்லை.

இலவசமாக எங்காவது போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒன்று. கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் பிசினஸ் புரொஃபைலோடு கூகுள் கொடுத்த இலவச வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் அன்றைக்கு வேறு இடம் தேடி ஓடினார்கள்.

சென்னிமலையில் கடைசியில் பழைய தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். சான்றிதழ், ஜிஎஸ்டி நம்பர், வாட்ஸ்அப், போனில் ஒழுங்காகத் தெரிகிற எழுத்து, டிசைன்களுக்கு மட்டும் புதிதாக ஒரு பக்கம். அந்தப் பக்கம் அவர் மகள் பொறுப்பு. முதல் நாள் மகளே பெட்ஷீட்டை மடித்து வைத்துப் படம் எடுத்து, அளவு 60க்கு 90 அங்குலம் என்று அடித்து ஏற்றினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"பச்சை வெளுத்துத் தெரியுது அம்மிணி. வாசல்ல வெளிச்சத்துல விரிச்சு இன்னொருக்கா எடு. கரையும் தெரியோணும்."