நெற்பூவின் வெளிறிய மகரந்தப்பை

வீரிய ஒட்டு நெல் விதைப் பண்ணைக்குள் காலை பத்து மணிக்கு இறங்கினால், என் கண் முதலில் மகரந்தப்பைக்குத்தான் போகும். பெண் வரிசை என்பது சொந்த மகரந்தம் கெட்ட மலட்டு வரிசை, பக்கத்து ஆண் வரிசையின் தூள் பட்டுத்தான் விதை பிடிக்கும். அதில் மகரந்தப்பை வெளிறிச் சூம்பித் தொங்க வேண்டும். மஞ்சளாய்ப் பருத்து, தட்டினால் தூள் பறக்கிறதா, அந்தக் குத்து பிடுங்க வேண்டிய கலவன்.

சத்தியமங்கலம் பக்கம் ஒரு விவசாயி பிடுங்கவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சார், கதிர் எவ்வளவு அழகா முழுசா வந்திருக்குது! இதைப் போய்..."

"அப்படி வந்ததுதாங்க கோளாறு. நாம இன்னும் ஜிப்ரலிக் அமிலமே தெளிக்கலையே."

மலட்டு வரிசையில் கதிரின் அடிப்பாகம் கண்ணாடி இலையின், அதாவது கதிரை ஒட்டிய கடைசி இலையின், உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை அடித்துத்தான் வெளியே இழுக்க வேண்டும். அவர் காட்டிய குத்து, மலட்டு வரிசையைப் பெருக்கப் பயன்படும் 'பி' வரிசை. பார்வைக்கு இரண்டும் அக்காள் தங்கை. வித்தியாசம் செல்லின் உட்கருவில் இல்லை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது.

1970இல் சீனாவின் ஹைனான் தீவில், ஒட்டு நெல்லின் முன்னோடி யுவான் லாங்பிங்கின் குழுவினர் மகரந்தம் கெட்டுப்போன ஒரு காட்டு நெல்லைக் கண்டெடுத்தார்கள். இன்று நம் நாட்டு ஒட்டு நெல் ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் தாய்வழி. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருவதால், எந்த ஆணோடு சேர்த்தாலும் அந்த மைட்டோகாண்ட்ரியா அப்படியே தொடரும்.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. வெறும் 16,569 எழுத்து. நெல்லுக்கோ ஏறத்தாழ 4,90,000. பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவற்றில் இந்த எழுத்துகள் மிக மெதுவாகத்தான் மாறும், உட்கரு மரபணுக்களைவிடவும் மெதுவாக. ஆனால் பத்தி பத்தியாக வெட்டி, இடம் மாற்றி ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அந்த ஒட்டுவேலையில் சில சமயம் இதுவரை இல்லாத மரபணு ஒன்று பிறந்துவிடுகிறது. இந்த மலட்டு நெல்லில் இருப்பதாக 2013இல் விளக்கப்பட்ட டபிள்யூஏ352 என்ற மரபணு அப்படிப்பட்ட ஒட்டுத்துணிதான். அதன் புரதம் மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் டபீட்டம் அடுக்கில் சேர்ந்து, அதை வேளைக்கு முன்பே சாகடிக்கிறது. இலைக்கும் வேருக்கும் ஒரு கேடும் இல்லை. ஆகவே நாற்றங்காலில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இதை அடக்கும் சாவி உட்கருவில் இருக்கிறது. ஆண் வரிசை தரும் மீட்பு மரபணுக்களில் ஒன்றான ஆர்எஃப்4, டபிள்யூஏ352இன் ஆர்.என்.ஏ. (புரதம் செய்ய எடுக்கும் நகல்) அளவையே குறைத்துவிடும். அதனால் ஒட்டு நெல்லில் மணி பிடிக்கிறது. அதே நெல்லை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால், சில செடிகளுக்குச் சாவி போய்ச் சேராது, கதிர் பொக்காகும். 'பி' வரிசைத் தூள் விதைப் பண்ணையில் பறந்தாலும் இதே கதைதான். மலட்டு விதை உருவாகி, வாங்கியவர் வயலில் பொக்குக் கதிராக நிற்கும். பழி விதை விற்றவர் மேல் விழும், சில நேரம் மழை மேல்.

இன்னொரு கவலையும் உண்டு. ஊரெல்லாம் ஒரே தாய்வழி என்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க மக்காச்சோளம் சாட்சி. அங்கே 1970இல் சுமார் 85 சதவீதப் பரப்பில் 'டெக்சாஸ்' வகை மலட்டுத் தாய்வழிதான். அதிலும் ஓர் ஒட்டு மரபணுதான் மகரந்தத்தைக் கெடுத்தது. அதன் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உட்கார்ந்திருக்கும். இலைக்கருகல் பூஞ்சையின் நச்சு அதைப் பற்றிக்கொண்டதும் சவ்வில் ஓட்டை விழும். அந்த ஆண்டு நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் போயிற்று.

எல்லா நோய்க்கும் தாய்வழியைக் குற்றம் சொல்வதும் சரியல்ல. 1965இல் வந்த எச்பி-1 ஒட்டுக் கம்பு பின்னால் அடிச்சாம்பல் நோயில் அடிபட்டபோது பலர் அப்படித்தான் நினைத்தார்கள். ஆய்ந்து பார்த்ததில் தாய்வழி வரும் சைட்டோபிளாசம் (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) காரணமில்லை என்று தெரிந்தது. நெல்லிலும் மக்காச்சோளத்துக்கு நேர்ந்தது போன்ற விபத்து இதுவரை நடக்கவில்லை. ஆனாலும் வேறு தாய்வழிகளையும் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி.

சத்தியமங்கலத்துக்காரர் கடைசியில் தானே இறங்கிப் பிடுங்கினார், பிடுங்கியதை வரப்பில் அடுக்கினார். அதற்கும் ஓடிப்போய்த் தடுக்க வேண்டியதாயிற்று. வரப்பில் கிடந்தாலும் பூ விரியும், காற்றில் தூள் பறக்கும். பண்ணைக்கு வெளியே கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடுங்கள்.