இருபத்து நான்கில் இரண்டு பங்கு

நகைக்கடை வாசலில் தினமும் எழுதிப் போடும் விலைப் பலகையில் 24 காரட்டுக்கு ஒரு விலை, 22 காரட்டுக்கு ஒரு விலை இருக்கும். சுத்தமானது 24தான். ஆனாலும் தாலிச் சங்கிலியோ வளையலோ வாங்கப் போகிறவர் அதில் கேட்பதில்லை. கேட்டாலும், "காசாகவோ கட்டியாகவோ வாங்கிக்கொள்ளுங்கள், நகை செய்தால் நிற்காது" என்றுதான் பதில் வரும்.

எடையை 24 பங்காகப் பிரித்தால் 22 பங்கு தங்கம், மீதி இரண்டு பங்கு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். இதுதான் 22 காரட். சதவீதத்தில் 91.67; முத்திரையில் 916. பவுன் என்று நாம் சொல்லும் அளவே இந்தக் கலவையோடு சேர்ந்து வந்ததுதான். பிரிட்டிஷ் சவரன் நாணயம் 22 காரட்டில், 7.99 கிராம் எடையில் அடிக்கப்பட்டது. அதை 8 கிராம் என்று முழுதாக்கிக்கொண்டு, இன்றும் கல்யாணப் பேச்சில் "எத்தனை பவுன்?" என்று கேட்கிறோம். நம் நாட்டு நகைத் தொழிலின் சாமர்த்தியங்கள், சண்டைகள், சட்டங்கள் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்த இரண்டு பங்குதான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

சுத்தத் தங்கம் அவ்வளவு மென்மையானது. ஒரு கிராமை அடித்தே அரைச் சதுர மீட்டர் பரப்புக்கு இலையாக விரித்துவிடலாம். அதன் அணுக்கள் ஒரே அளவில், ஒழுங்கான அடுக்குகளாக இருக்கின்றன. அழுத்தினால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்குகிறது. ஆனால் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. எந்த உலோகத்திலும் அடுக்குகளுக்கிடையே அங்கங்கே ஒரு வரிசை குறைந்திருக்கும். கோவில் தரிசன வரிசையில் முன்னால் நிற்பவர் ஓரடி நகர்ந்ததும் அந்த இடைவெளி ஒவ்வொருவராகக் கடந்து கடைசி ஆள் வரை போகிறதே, அதுபோல் இந்தக் குறையும் உலோகத்துக்குள் ஓடுகிறது. கோடிக்கணக்கான குறைகள் இப்படி ஓடி முடிக்கும்போது வளையல் நெளிந்திருக்கும்.

செம்பு அணு தங்க அணுவைவிடச் சுமார் 11 சதவீதம் சிறியது. அது போய் உட்கார்ந்த இடத்தில் சுற்றியுள்ள அடுக்கு இழுபட்டுக் கோணலாகிறது. ஓடி வரும் குறை அங்கே மாட்டிக்கொள்கிறது. உலோகம் எளிதில் வளையாது. அதைத்தான் கடினம் என்கிறோம். வெள்ளி அணு ஏறக்குறைய தங்கத்தின் அளவேதான். அதனால் அது செம்பு அளவுக்கு உறுதி தருவதில்லை. நிறத்தை மட்டும் வெளிறச் செய்யும். செம்பு சிவக்கச் செய்யும். எந்தச் சாயல் வேண்டுமோ அதற்கேற்ப இரண்டையும் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள்.

வெறும் எட்டுச் சதவீதம் சேர்த்து இவ்வளவு மாற்றமா என்று தோன்றலாம். எட்டு என்பது எடைக் கணக்கு. தங்க அணு செம்பு அணுவைவிட மூன்று மடங்கு கனமானது. கலப்பில் செம்பும் வெள்ளியும் சரிபாதி என்று வைத்து எண்ணிக்கையில் பார்த்தால், 22 காரட் நகையின் 100 அணுக்களில் சுமார் 18 தங்கமே அல்ல. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று! தராசு இதைக் காட்டாது.

பட்டறையில் இந்தக் கடினத்தோடு பத்தர் (பொற்கொல்லர்) நாள் முழுவதும் மல்லுக்கட்டுகிறார். கம்பியை எஃகுத் தகட்டின் துளைகளில், பெரியதிலிருந்து சிறியதாக ஒவ்வொன்றிலும் இழுப்பார். இழுக்க இழுக்கக் குறைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கம்பி விறைத்துப் போகும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். நெருப்பில் காட்டிச் சிவக்கவிட்டால் அணுக்கள் புதிதாக ஒழுங்காகி மறுபடி இளகும். அப்புறம் மீண்டும் இழுப்பு. அராவும்போதும் மெருகிடும்போதும் துளித்துளியாகப் பொன்தூள் பறக்கும். சேதாரம் என்று ரசீதில் வரும் தொகைக்கு மூலம் இதுதான், அந்தத் தொகை அவ்வளவும் தூளாகப் போவதில்லை என்றாலும். பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அரித்தே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பங்கைத் தவிர்க்கும் வேலையும் ஒன்று உண்டு. ராஜஸ்தானத்துக் குந்தன் நகையில் கல்லைச் சுற்றி 24 காரட் தங்க இழையை, நெருப்பில்லாமல், கருவியால் அழுத்தியே பதிக்கிறார்கள். மற்ற உலோகங்களில் இது நடக்காது. செம்போ இரும்போ காற்று பட்ட உடனே மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். இரண்டு துண்டுகளை அழுத்தினாலும் அந்தப் படலம் நடுவில் நிற்கும். தங்கம் ஆக்சிஜனோடு சேர்வதில்லை. சுத்தமான இரண்டு பரப்புகளை நெருக்கினால் இரண்டு பக்கத்து அணுக்களுக்கும் தாங்கள் வேறு வேறு துண்டு என்பது தெரியாது, ஒட்டிக்கொள்கின்றன. மென்மை குறையாகத் தெரிந்த உலோகத்தில் அந்த மென்மையையே பசையாக்கிக்கொண்ட ஆட்களை மெச்சத்தான் வேண்டும்.

உறுதிக்கு இன்னொரு வழி அரக்கு. தென் மாவட்டத்துப் பாட்டிமார்கள் வளர்த்த காதில் தொங்கவிட்ட பாம்படத்தைப் பார்த்தால் கெட்டித் தங்கம் போலிருக்கும். உள்ளே கூடு. மெல்லிய தகட்டைக் கோணம் கோணமாக மடித்து ஒட்டி, உள்ளே அரக்கை நிரப்பிவிடுவார்கள். நசுங்காது, தங்கமும் மிச்சம். அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். சூடு காட்டினால் இளகி ஒவ்வொரு மூலைக்கும் ஓடும், ஆறினால் இறுகும். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து நகைப் பட்டியல் இருக்கிறது. பொன்னை ஆடவல்லான் என்ற கல்லாலும், நகையைத் தட்சிணமேரு விடங்கன் என்ற கல்லாலும் நிறுத்ததாக எழுதி, கழஞ்சு, மஞ்சாடி என்று எடையும் வெட்டியிருக்கிறார்கள். சரடு, அரக்கு உட்பட இவ்வளவு என்று குறிப்பும் உண்டு. கோவில் கணக்கர் தங்கத்தையும் தங்கம் அல்லாததையும் குழப்பிக்கொள்ளவில்லை.

சரி, துண்டுகளை ஒட்டுவது எப்படி? தொல்லை இங்கேதான். ஜிமிக்கி ஒன்றில் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள், வளையங்கள். அவற்றை இணைக்கும் பொடி நகையைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். இல்லாவிட்டால் பொடி உருகும்போது நகையும் சேர்ந்து உருகிவிடும். தங்கம் உருகுவது 1064 டிகிரி செல்சியசில். அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்த்தால் உருகும் வெப்பம் இறங்கும். ஒட்டும் இடத்தில் வெங்காரம் (போராக்ஸ்) தடவுவார்கள். அது உருகிக் கண்ணாடிப் பதமாகி, செம்பின் ஆக்சைடைக் கரைத்துப் பரப்பைச் சுத்தமாக வைக்கும். பிறகு உமியோட்டுத் தணலில் வைத்து ஊதுகுழலால் ஊதினால் பொடி இளகி இடுக்குகளுக்குள் தானே ஏறும்.

ஆனால் பொடியின் தரம் நகையின் தரத்துக்குக் கீழே. 10 கிராம் நகையில் ஒன்றரை கிராம் பொடி, அது 14 காரட் என்று வைத்துப் பாருங்கள். மொத்தமாக உருக்கினால் 20.8 காரட்தான் தேறும். பழைய நகையை மாற்றப் போனபோது "மாற்று குறைகிறது", அதாவது தங்கத்தின் தரம் குறைகிறது, என்று கேட்டு எத்தனையோ குடும்பங்கள் ஆசாரியைத் திட்டியிருக்கின்றன. ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். ஆனால் நேர்மையாகச் செய்த நுண்ணிய வேலையிலும் இது நடக்கும்; வேலை எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு பொடி.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் ஒரு காலத்தில் கடைகள் பெருமையாக விளம்பரப்படுத்திய கேடிஎம். பொடியில் செம்புக்குப் பதிலாகக் காட்மியம். காட்மியம் 321 டிகிரியில் உருகி 767 டிகிரியில் கொதிக்கிறது. 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்தாலே ஒட்டும் அளவுக்கு இளகிவிடும். சூட்டில் காட்மியத்தின் ஒரு பகுதி ஆவியாகவும் போய்விடும். நகையை உருக்கினாலும் 916 குறையாது. அருமையான உபாயம்தான். ஆனால் அந்த ஆவி எங்கே போகும்? ஊதுகிறவர் மூச்சுக்குள். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோயையும் தரும். வாங்குகிறவருக்குத் தரம் குறையக் கூடாது என்பதற்காகச் செய்கிறவர் நஞ்சைச் சுவாசித்தார். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் நகையில் காட்மியத்துக்கு இடமில்லை. இப்போது துத்தநாகம் போன்றவற்றைக் கலந்த பொடி வந்துவிட்டது. பெரிய ஆலைகளில் பொடியே இல்லாமல் லேசரால் ஒட்டுகிறார்கள்.

தரத்தைக் கண்டுபிடிக்க மிகப் பழைய கருவி உரைகல். கறுப்பாக, வழவழப்பாக, தங்கத்தைவிடக் கடினமாக, திராவகம் தின்னாததாக ஒரு கல் வேண்டும், அவ்வளவுதான். நகையை அதில் இழுத்தால் ஒரு பொற்கோடு விழும். பக்கத்தில், தரம் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு. நிறத்தை ஒப்பிட வேண்டும். தங்கத்தின் மஞ்சள் நிறமே ஒரு விசித்திரம். அதன் கருவில் 79 புரோட்டான்கள் இருப்பதால் உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் சுற்றுகின்றன. அதன் விளைவாக வெளிவட்டங்களின் ஆற்றல் இடைவெளி சுருங்கி நீல ஒளியை உறிஞ்சும் அளவுக்கு வந்துவிடுகிறது. நீலம் போக மிஞ்சுவது மஞ்சள். ஐன்ஸ்டைனின் சார்பியல் நம் கழுத்துச் சங்கிலியில் கண்ணுக்குத் தெரிகிறது! கலப்பு கூடக் கூட அந்த மஞ்சள் மாறும். பழகிய கண் பிடித்துவிடும். சந்தேகமிருந்தால் கோட்டின் மேல் நைட்ரிக் அமிலம். செம்பும் வெள்ளியும் கரையும், தங்கம் நிற்கும். தரம் உயர்ந்த நகைக்கு அதில் துளி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்தால் தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகம். வீட்டு வாசலுக்கு வந்து "நகைக்குப் பாலிஷ் போடுகிறோம்" என்பவர்களின் கிண்ணத்தில் இருப்பது பல சமயம் இதுதான். நகை பளபளக்கும், எடை குறைந்திருக்கும்.

இப்போது எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியில் வைத்தால் ஒரு நிமிடத்தில் விடை வரும். ஒவ்வொரு உலோகமும் எக்ஸ்ரே பட்டதும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிரை விடும். ஆனால் அந்தக் கருவி மேல்தோலை மட்டுமே பார்க்கிறது. கனத்த முலாம் போட்டால் ஏமாந்துவிடும். நீரில் முக்கி அடர்த்தி பார்க்கலாம் என்றால், உள்ளே டங்ஸ்டனை ஒளித்திருந்தால் அதுவும் பிடிபடாது; டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கத்துடையது 19.3. தீர்ப்புச் சொல்வது நெருப்புச் சோதனைதான். துளித் தங்கத்தை வெள்ளியோடு ஈயத்தாளில் பொதிந்து உலையில் வைப்பார்கள். ஈயம் ஆக்சைடாகி, செம்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்தின் சுவருக்குள் ஊறிவிடும். மிஞ்சிய குண்டைத் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி போய்விடும். கடைசியில் நிற்பது தங்கம். அதை நிறுத்தால் போதும்.

ஹால்மார்க் 2000இல் தொடங்கியது. 2021 ஜூனில் பல மாவட்டங்களில் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது.

இதற்கெல்லாம் முன்பே அரசாங்கம் இந்த இரண்டு பங்கைப் பத்துப் பங்காக்கப் பார்த்தது. சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் காலத்தில், 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யத் தடை வந்தது. உலோகவியல்படி பார்த்தால் 14 காரட் நல்ல நகை. தேயாது, வளையாது, கல் கழன்று விழாது. ஜனங்கள் ஏற்கவில்லை. நம் வீட்டு நகை கழுத்தில் கிடக்கும் அழகு மட்டுமல்ல. பிள்ளையின் படிப்புக் கட்டணத்துக்கு அடகுக் கடைக்குப் போகும் சேமிப்பும் அதுவே. பெண்ணுக்கென்று கையில் இருக்கும் ஒரே சொத்தாகவும் பல வீடுகளில் அதுதான் இருந்தது. அதில் ஏறக்குறைய பாதி செம்பு என்றால் யார் வாங்குவார்? பொற்கொல்லர்கள் கூட்டங்கூட்டமாக வேலை இழந்ததுதான் மிச்சம். 14 காரட் விதி 1966இல் போனது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் ரத்தானது.

காரட்டைக் குறைக்க வைக்கும் வேலையை அன்று சட்டத்தால் செய்ய முடியவில்லை; இப்போது தங்கத்தின் விலை செய்கிறது. 18, 14 காரட்டைத் தாண்டி, 2025இல் 9 காரட்டும் ஹால்மார்க்கில் சேர்ந்திருக்கிறது. எடையில் 37.5 சதவீதம் தங்கம். எண்ணிக்கையில் பார்த்தால் ஐந்தில் ஓர் அணுதான் தங்கம், மீதி நான்கும் மற்றவை. உறுதி குறையாது, ஆனால் குணம் மாறும். தங்க அணுக்கள் நிறைந்திருக்கும்வரை அவை செம்பையும் வெள்ளியையும் சூழ்ந்து காக்கின்றன. பாதிக்குக் கீழே போனால் அந்தக் காப்பு இல்லை. வியர்வையும் காற்றிலுள்ள கந்தகமும் உள்ளே எட்டிவிடும். வெள்ளிக் கொலுசு கறுப்பதற்கு என்ன காரணமோ அதே வெள்ளி சல்பைடுதான் இங்கும். 9 காரட்டில் மோதிரம் வாங்குகிறவர் அதைக் கழற்றி வைக்கும்போது துடைத்து, காற்றுப் புகாத பையில் வைப்பது நல்லது. அடகுக்குக் கொண்டுபோகும்போது மொத்த எடைக்கு அல்ல, அதிலுள்ள தங்கத்துக்குத்தான், அதாவது 8 கிராம் நகையென்றால் 3 கிராமுக்குத்தான், பணம் எண்ணுவார்கள்.