எழுந்து நின்றால் இதயம் ஏன் ஓடுகிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். படுத்திருந்தால் நாடி 74. எழுந்து அடுப்படியில் நின்றால் பத்து நிமிடத்துக்குள் 120, கூடவே தலைசுற்றல். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். ஏற்கெனவே ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி வேறு. எதைக் கவனிப்பது என்று கேட்கிறார். வீட்டில் இரண்டு முறை திருஷ்டி சுற்றிப் போட்டாயிற்றாம். பூசணிக்காய்க்குத்தான் நஷ்டம்.

கடிதத்தைப் படித்து நோயைச் சொல்ல முடியாது. ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்த்து விலக்க வேண்டும். ஆனால் இந்த விவரிப்பு 'பாட்ஸ்' (POTS) என்ற கோளாறோடு பொருந்துகிறது: நின்ற பத்து நிமிடத்துக்குள் ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே துடிப்பு 30-க்கு மேல் கூடும், பதின்ம வயதினருக்கு 40. பெண்களிடம்தான் அதிகம்.

நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் மூளைக்குச் சொல்ல, ரத்தக்குழாய்கள் சுருங்கிச் சமாளிக்கும். அது சரியாக நடக்காவிட்டாலோ, ரத்த அளவே குறைவாக இருந்தாலோ, ஈடுகட்ட இதயம் ஓடுகிறது, பாவம். அதனால்தான் உப்பு, தண்ணீர், வயிறு வரை இறுக்கும் காலுறை. பிபியோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர் இதைப் படித்துவிட்டு உப்பைக் கூட்டிவிடக் கூடாது.

மாத்திரையில்தான் சிக்கல். புரோப்ரனலால் துடிப்பைக் குறைக்கும். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் அதையே கொடுப்பார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! ஆனால் அட்ரினலின் வந்து தட்டும் கதவுகளை அது இதயத்தில் மட்டும் அடைப்பதில்லை, நுரையீரலிலும் அடைக்கும். மூச்சுக்குழல் சுருங்கும். ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது.

அப்போது சில மருத்துவர்கள் யோசிப்பது இவாபிரடின். எனக்குப் பிடித்த கதை இதுதான். இதயத்தின் தாளத்தைத் தொடங்கிவைக்கும் செல்களின் சவ்வில் ஒரு விசித்திரமான வாசல் இருக்கிறது. இதயத்தின் மற்ற அயனி வாசல்களில் பெரும்பாலானவை மின்னழுத்தம் ஏறினால் திறக்கும். இது இறங்கினால் திறக்கும். ஒரு துடிப்பு முடிந்து செல் அடங்கும்போது இது மெல்லத் திறந்து சோடியத்தை உள்ளே கசியவிடும். சொட்டுச் சொட்டாக மின்னழுத்தம் ஏறி, எல்லையைத் தொட்டதும் அடுத்த துடிப்பு. அட்ரினலின் வந்தால் கசிவு வேகமாகும். 1979-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். இதன் தலைகீழ் குணத்தைப் பார்த்து வைத்த பெயர் 'வேடிக்கை மின்னோட்டம்'. நிஜமாகவே அதுதான் பெயர்! அட்ரினலின் இதயத்தை எப்படி விரட்டுகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. மாத்திரை செய்வது அல்ல. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டே நிதியை மறுக்கும் குழுக்களைக் கண்டால் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும்.

இவாபிரடின் அந்த வாசலுக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்கிறது. மூச்சுக்குழலைத் தொடுவதில்லை. அப்புறம் ஒரு கூத்து: விழித்திரையிலும் இதே குடும்பத்து வாசல்கள் உண்டு. அதனால் சிலருக்கு, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது கண்ணில் பளிச்சென ஒளிப்பொட்டுகள் தெரியும். கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரை கூடாது. வேறு சில மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. ஆகவே ஆஸ்துமாவுக்கு ஒரு டாக்டர், தலைவலிக்கு ஒரு டாக்டர் என்று போனாலும் மாத்திரைச் சீட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

நாடியைக் குறித்துவைக்கும் நோட்டில் இன்ஹேலர் எடுத்த நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள், அம்மா. இன்ஹேலர் மருந்தான சால்பியூட்டமால் தன் பங்குக்குத் துடிப்பை ஏற்றும். நீங்கள் சொன்ன 120-இல் அதற்கு எவ்வளவு, நின்றதற்கு எவ்வளவு என்று அந்த நோட்டு இல்லாமல் டாக்டராலும் பிரிக்க முடியாது.