அஸ்ஸே வேறு, மதிப்பீடு வேறு

ஆய்வகப் பணியாளர்களுக்கென்று தமிழில் அச்சிட்ட பயிற்சிக் கையேடு ஒன்று அண்மையில் சேலத்தில் என் கைக்கு வந்தது. மருந்துகளைப் பகுத்து அளக்கும் வேலையைத் தமிழில் சொல்ல முனைந்திருக்கிறார்களே என்று மகிழ்ந்துதான் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "மாத்திரையின் மதிப்பீடு 98.6 விழுக்காடு." இங்கே 'மதிப்பீடு' என்பது ஆங்கிலத்து 'அஸ்ஸே' (assay), அதாவது ஒரு பொருளில் உரிய சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து காணுதல். கருத்தரங்குகளிலும் பாடக் குறிப்புகளிலும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

சேலம் செவ்வாய்பேட்டையில் நாற்பது ஆண்டுகள் வெள்ளிப் பட்டறை நடத்திய என் தாய்மாமாவிடம் அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "மதிப்பீடு என்றால் ரூபாயில் அல்லவா வர வேண்டும்? விழுக்காடு எப்படி வந்தது?" என்று கேட்டார். கையேட்டை எழுதியவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'எக்ஸாகியம்' என்றால் நிறுத்துப் பார்த்தல். அது பழைய பிரெஞ்சில் 'எஸ்ஸே', 'அஸ்ஸே' என்று இரு வடிவம் கொண்டது. முதல் வடிவம் ஆங்கிலத்தில் கட்டுரைக்குப் பெயராயிற்று. இரண்டாவது, பொன்னிலும் வெள்ளியிலும் கலப்பு எவ்வளவு என்று சோதிப்பதற்குப் பெயராக நின்றது. மருந்துக்கு அது வந்ததும் உலோகத்தின் வழியாகத்தான். நாணயச்சாலையில் வெள்ளியின் தூய்மையை உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் முறையை 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் வெளியிட்டார். இன்றைக்குக் குளுக்கோஸ் பாட்டிலுக்கு அருகே தொங்குகிற சலைன் பாட்டிலில் உப்பு சரியாக 0.9 விழுக்காடு இருக்கிறதா என்று பார்க்க, அதே வேதிவினையைத் திருப்பிப் போட்டு, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுகிறோம். உப்பால் வெள்ளியை அளந்தவர்களின் வழிவந்தவர்கள் வெள்ளியால் உப்பை அளக்கிறார்கள். கொலுசுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லுக்கு நாம் ஏன் தடுமாற வேண்டும்?

'மதிப்பீடு' ஏன் பொருந்தாது என்பதற்குப் பட்டறையே சான்று. வங்கியில் நகைக்கடன் வாங்கப் போனால் நகை மதிப்பீட்டாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் முதலில் நகையை உரைகல்லில் தேய்க்கிறார். தரம் தெரிந்த பொன்னின் கோட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கோட்டை வைத்து ஒப்பிடுகிறார். தரம் தெரிந்த பிறகு, எடை போட்டு, அன்றைய விலையைப் பெருக்கி, இவ்வளவு ரூபாய் பெறும் என்கிறார். உரைத்தல் ஒன்று, மதிப்பிடுதல் மற்றொன்று. ஒரே ஆள், ஒரே மேசை, ஆனாலும் இரண்டு செயல், இரண்டு சொல். முதல் செயல்தான் அஸ்ஸே. கையேட்டுக்காரர்கள் இரண்டாம் செயலின் பெயரை எடுத்து முதலதன் தலையில் வைத்திருக்கிறார்கள்.

மதிப்பு என்பது நாம் ஒரு பொருளுக்குக் கொடுப்பது. ஆளுக்கு ஆள் மாறலாம், நாளுக்கு நாள் மாறலாம். மாத்திரைக்குள் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறதா, 430தான் இருக்கிறதா என்பது யார் கொடுத்தும் வருவதன்று. அது உள்ளே கிடக்கிற பொருள். இருபது மாத்திரைகளைப் பொடித்து, பொடியில் கொஞ்சம் நிறுத்து, காரத்தில் கரைத்து, வடிகட்டி, நீர்த்து, 257 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது நெடுங்காலமாக வழங்கும் முறை. அட்டையில் குறித்த அளவில் 95க்கும் 105 விழுக்காட்டுக்கும் இடையே முடிவு நின்றால் அந்தத் தொகுதி தேறும். இதில் மதிப்பிட என்ன இருக்கிறது?

அதைவிடப் பெரிய கேடு, 'மதிப்பீடு' ஏற்கெனவே நாலு வேலை பார்க்கிற சொல். விலை கணித்தல், தேர்வுத்தாள் திருத்தல், திட்டச் செலவைத் தோராயமாகச் சொல்லுதல், ஒருவரின் திறமையை எடைபோடுதல் எல்லாம் மதிப்பீடே. இதோடு, அளக்கும் முறை நம்பத்தக்கதுதானா என்று நிறுவும் 'வேலிடேஷன்' என்பதையும் அதே கையேடு 'மதிப்பீடு' என்றே பெயர்த்திருக்கிறது. விளைவாக ஓர் இயலின் தலைப்பே "மதிப்பீட்டு முறையின் மதிப்பீடு" என்று அச்சாகியிருக்கிறது. பத்தொன்பது வயதில் பரிசோதனைக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கும் பிள்ளை இதைப் படித்து என்ன விளங்கிக்கொள்ளும்? தமிழில் அறிவியல் வராது என்று முடிவுகட்டிவிட்டு ஆங்கில நூலுக்கே திரும்பிவிடும். அகராதியில் முதலில் கிடக்கிற பொருளை எடுத்துப் போட்டுவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைக் கையால் தொட்ட ஒருவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும்.

அப்படியானால் எது சரியான சொல்? என் மனம் முதலில் ஓடியது 'மாற்று' என்பதற்கு. பொன்னின் தரத்துக்கு நம் மொழியில் உள்ள பழைய சொல் அது. பத்தரைமாற்றுத் தங்கம் என்று இன்றும் சொல்கிறோம். செவ்வாய்பேட்டை வியாபாரிகள் இப்போது 'டச்' என்கிறார்கள், என் மாமா வாயிலும் அதுதான் வருகிறது. ஆனாலும் மாற்றுக் காணுதல் என்றால் அவருக்குச் சட்டென விளங்குகிறது. வரலாற்றுப் பொருத்தமும் முழுமையாக இருக்கிறது. இருந்தும் இதை நான் விட்டுவிட வேண்டியதாயிற்று. 'மாற்று மருந்து' என்று எழுதினால் வேறொன்றுக்குப் பதிலான மருந்து என்றுதான் எவரும் படிப்பார்கள். மருந்துக் கடையில் உயிரோடு விளையாடும் குழப்பம் அது. சொல்லின் அழகுக்காகத் தெளிவைப் பலிகொடுக்க நான் ஒப்பமாட்டேன். தனித்தமிழில் பற்றுள்ள நண்பர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள், வரட்டும்.

'பகுப்பாய்வு' மிகவும் பரந்தது. மாசு தேடுவதும், மாத்திரை வயிற்றில் எவ்வளவு நேரத்தில் கரையும் என்று பார்ப்பதும் அதற்குள் அடங்கும். 'சோதனை' அதைவிடப் பரந்தது. 'அஸ்ஸே' என்றே தமிழ் எழுத்தில் விட்டுவிடலாமே என்பாரும் உண்டு. கூடத்துக்குள் "அஸ்ஸே எவ்வளவு வந்தது?" என்று நாங்களும் கேட்டுக்கொள்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் கற்பிக்கும் நூலில் பொருள் உணர்த்தும் சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம் பள்ளி வேதியியல் பாடநூலிலேயே பாதி இருக்கிறது. என்ன பொருள் என்று காண்பது பண்பறி பகுப்பாய்வு, எவ்வளவு என்று காண்பது அளவறி பகுப்பாய்வு. எனவே அஸ்ஸே என்பதை 'அளவறிதல்' என்றும், அதற்குரிய முறையை 'அளவறி முறை' என்றும் சொல்லலாம். ஓரிடத்தில் மட்டும் இது இடறும். இன்சுலினின் ஆற்றலைத் தொடக்ககாலத்தில் முயலின் இரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் கணித்தார்கள். சில ஆண்டிபயாட்டிக்குகளை இன்றும் நுண்ணுயிர் வளராத வட்டத்தின் அகலத்தால் அறிகிறோம். அங்கே அளப்பது எடையை அன்று, வேலை செய்யும் ஆற்றலை. அவற்றுக்கு 'வீரியம் அறிதல்' என்று தனிச்சொல் வைத்துக்கொள்வதே முறை.

'வேலிடேஷன்' பற்றியும் சொல்லியாக வேண்டும். வலிமை என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'மதிப்பீடு' இல்லாவிட்டால் இதைச் 'சரிபார்த்தல்' என்பார்கள். அதுவும் பிழை. மருந்துகளின் தரத்தை வகுக்கும் தரநூலில் ஏற்கெனவே நிறுவப்பட்ட முறையை எடுத்து, நம் கூடத்தில், நம் கருவியில், நம் ஆட்கள் கையில் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் சரிபார்த்தல். புதிதாக உருவாக்கிய முறைக்கு அது போதாது. மருந்தே சேராத மாத்திரைக் கலவையில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, குறித்த அளவில் 80, 100, 120 விழுக்காடு என மூன்று நிலைகளில் மும்மூன்று முறை செய்து, போட்டது திரும்ப வருகிறதா என்று காண வேண்டும். குறைந்தது ஐந்து செறிவுகளில் அளந்து கோடு நேராக விழுகிறதா என்று காண வேண்டும். மருந்து சிதைந்தால் உண்டாகும் பொருளை மருந்தென்று எண்ணி முறை ஏமாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் சிதைந்து வரும் 4-அமினோபீனாலும் புற ஊதாக் கதிரை உறிஞ்சும், ஆகவே வெறும் உறிஞ்சலை மட்டும் நம்பினால் கெட்ட மாத்திரையும் நல்லதாகத் தேறிவிடக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்ட வண்ணப்பிரிகை முறைக்குப் போகிறோம். மருந்து நெறிமுறைகளை நாடுகளுக்கிடையே ஒருமைப்படுத்தும் ஐ.சி.எச். அமைப்பின் கியூ2 நெறிமுறை, 1994இல் தொடங்கி 2023இல் திருத்தம் பெற்றது வரை, கேட்பது இவற்றைத்தான்.

இவ்வளவையும் செய்து ஒரு முறை தகுதியுள்ளது என்று நிறுவுவதற்கு 'தகுதிகாணல்' என்ற சொல் பொருந்தும். அரசு வேலையில் சேர்ந்தவர்களின் தகுதிகாண் பருவம் எல்லோரும் அறிந்ததுதான். கையேட்டின் அந்த இயலுக்கு "அளவறி முறையின் தகுதிகாணல்" என்று தலைப்பு எழுதி, மூன்றாம் பக்க வரியை "மாத்திரையில் உள்ள மருந்து, குறித்த அளவில் 98.6 விழுக்காடு" என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன். திருத்திய வரியை மாமாவிடம் காட்டினேன். "சரி, எந்தச் சுத்த மருந்தோடு ஒப்பிட்டார்கள்?" என்றார்.