செல்: தக்கையில் பிறந்த சொல்

சுவர்க்கடிகாரம் நின்றுபோனால் கடையில் போய் ‘ரெண்டு செல் குடுங்க’ என்கிறோம். ‘செல்லைக் கீழே வை’ என்று பிள்ளைகளை அதட்டினால் அது கைபேசி. உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் அங்கேயும் செல். போதாக்குறைக்குத் தமிழிலேயே பிறந்த செல் ஒன்றும் உண்டு. கரையானுக்கு அது பழைய பெயர். செல்லரித்த ஓலைச்சுவடி என்கிறோமே, அந்தச் செல். நான் டியூஷன் எடுத்த காலத்தில் ஒரு பையன், “செல்லரிச்சதுன்னா உடம்புல இருக்கிற செல்லையா சார் அரிச்சுது?” என்று கேட்டான். சிரித்தேன். ஆனால் உடம்பில் இருக்கிற செல்லுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் அன்றைக்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது.

மூலம் லத்தீன். ‘செல்லா’ என்றால் சிறிய அறை, சரக்கு வைக்கும் உள்ளறை. சிறையின் செல்லும் மடத்துத் துறவியின் செல்லும் அதிலிருந்து நேராக வந்தவை. உயிரியலுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். பேனாக்கத்தியைச் சவரக்கத்தி அளவுக்குத் தீட்டி, பாட்டில் மூடும் தக்கையிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தார். தக்கை வெளிறிய நிறம் என்பதால் கறுப்புத் தட்டின்மேல் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே முழுக்கச் சின்னச் சின்னப் பொந்துகள். 1665-இல் வந்த ‘மைக்ரோகிராஃபியா’ என்ற நூலில் அவற்றுக்குச் செல் என்று பெயர் வைத்தார். மடத்து அறைகளைப் பார்த்துத்தான் இப்படிப் பெயரிட்டார் என்று பல பாடநூல்களில் இருக்கும். அவர் எழுத்தில் ஒப்பிட்டது தேனடையோடு. ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கு மேல் பொந்துகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. தக்கை என்பது மரப்பட்டையின் செத்த பகுதி. உள்ளே இருந்ததெல்லாம் எப்போதோ போய்விட்டது, மிச்சம் சுவர் மட்டும். குடியிருந்தவர்கள் காலிசெய்துவிட்டுப் போன வீட்டைப் பார்த்து, அந்த வீட்டின் பெயரையே குடித்தனக்காரருக்கும் வைத்தது போல ஆகிவிட்டது.

உள்ளே ஆள் இருப்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. 1670-களில் லேவன்ஹூக் ஏரித்தண்ணீரில் நீந்துகிற நுண்ணுயிர்களைப் பார்த்தார். 1831-இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடியின் செல்களுக்குள் இருந்த உருண்டையை நியூக்ளியஸ் என்றார். 1838-39-இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும் ஷ்வான் விலங்குகளுக்கும் செல்தான் அடிப்படை என்று சொன்னார்கள். 1855-இல் விர்ஹோ ‘செல்லிலிருந்துதான் செல் பிறக்கும்’ என்ற கருத்தை நிலைநிறுத்தினார். அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. விலங்குச் செல்லுக்குச் சுவரே கிடையாது. அதைச் சுற்றியிருப்பது ஒரு படலம். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு கனம்கூட அதற்கு வராது. ஆனாலும் பெயர் என்னவோ அறைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செல் என்றே எழுதுகின்றன: செல்சுவர், செல் பகுப்பு, ஒருசெல் உயிரி. எல்லோருக்கும் புரிகிறது, பிள்ளைகளுக்கும் தொல்லையில்லை. அடுத்து உயிரணு. பத்திரிகைத் தமிழில் நன்றாகப் பழகிய சொல், கேட்கவும் அழகு. எனக்கு அதில் இரண்டு மனக்குறை. அணு என்பது ஒருகாலத்தில் ‘மிக நுண்ணியது’ என்று மட்டும் பொருள்பட்டது. இன்றைக்கு அது வேதியியலின் சொத்து. ஒரு செல்லுக்குள் கோடானுகோடி அணுக்கள் இருக்க, அந்தச் செல்லையும் அணு என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? இரண்டாவது இன்னும் சங்கடமானது. வார இதழ்களின் மருத்துவப் பகுதியில் ‘உயிரணு எண்ணிக்கை குறைவு’ என்று வந்தால் அது விந்தணுவைப் பற்றியது. சிவப்பணு, வெள்ளையணு என்பதெல்லாம் வேரூன்றிவிட்டன, அவற்றை யாரும் பிடுங்கப் போவதில்லை. பொதுப்பெயராக உயிரணு எனக்கு ஒட்டவில்லை.

சொல்லார்வலர்கள் சிலர் கண்ணறை என்பார்கள். சல்லடைக்கண், வலைக்கண் என்கிற அதே கண். ஹூக் பார்த்த தேனடைக்கு அச்சாகப் பொருந்துகிற சொல். ஆனால் அவர் பார்த்த வெறுமையையும் சேர்த்தே தூக்கிவருகிறது.

இலங்கையில் பள்ளிப் பாடத்திலேயே கலம் என்றுதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் படித்த நண்பர் ஒருவரிடம் செல் என்றபோது, “நாங்கள் கலம் எண்டுதான் படிச்சனாங்கள்” என்றார். என் ஓட்டு இதற்குத்தான். கலம் என்றால் பாண்டம்: உண்கலம், மட்கலம். தஞ்சைப் பக்கம் 12 மரக்கால் நெல் ஒரு கலம். அறை காலியாக இருந்தாலும் அறைதான்; கலம் என்றதும் ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்று கேட்கத் தோன்றும். செல்லைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதானே. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டு இயற்பியல் புத்தகம் பேட்டரி செல்லை மின்கலம் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறது. பக்கத்து வகுப்பின் உயிரியலுக்கு மட்டும் கலம் ஆகவில்லை.

உள்ளுறுப்புகளிலும் இலங்கைச் சொற்கள் சில அபாரம். மைட்டோகாண்ட்ரியா, 1898-இல் கார்ல் பெண்டா வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘மைட்டோஸ்’ நூல், ‘காண்ட்ரோஸ்’ மணி. அங்கே அதை இழைமணி என்கிறார்கள். நெல்மணியில் வருகிற மணி. நாம் தின்றதை, செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஏடிபி என்ற ஆற்றல் காசாக மாற்றித் தருகிற உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றவில்லை. திசுவுக்கு அவர்கள் சொல்வது இழையம். மூலச்சொல்லும் நெசவுத் துணியைக் குறித்ததுதான். ஆனால் நியூக்ளியஸை அவர்கள் கரு என்பதைவிட நம்முடைய உட்கரு தேவலை. கோழிமுட்டையின் மஞ்சள்கரு முழுவதும் ஒரே செல். அதற்குள் கரு என்றால், கருவுக்குள் ஏது கரு என்று கேட்பார்கள்.

வாக்குவோல் என்ற சொல்லைப் பார்த்தால் ஹூக்கின் கதை திரும்ப வரும். லத்தீனில் ‘வாக்குவஸ்’ என்றால் வெறுமை. இலங்கை வழக்கில் அதை அப்படியே புன்வெற்றிடம் ஆக்கிவிட்டார்கள். உண்மையில் அது வெற்றிடமே இல்லை. தண்ணீரும் சர்க்கரையும் உப்பும் நிறமும் நிறைந்த பை. முதிர்ந்த தாவரச் செல்லில் பெரும்பங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான்.

பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி கிடைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெரிய வெங்காயத்தின் ஊதாச் செதில் ஒன்றை எடுத்து, வெளிப்புறத் தோலை நகத்தால் கிள்ளி உரியுங்கள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் தோல், காற்றுக்குமிழ் மாட்டாமல் சாய்த்து மூடுவில்லை. செங்கல் அடுக்கியது போல வரிசை தெரியும், ஒவ்வொன்றிலும் ஊதா நிறம் விளிம்புவரை நிரம்பியிருக்கும். அறையா கலமா என்று அப்போது பிரித்தறிய முடியாது. இப்போது மூடுவில்லையின் ஓரத்தில் நல்ல உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் மைஒற்றுத்தாளை வைத்து உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதாப் பகுதி சுவரைவிட்டு விலகிச் சுருங்கி, நடுவில் ஒரு முடிச்சாக நிற்கும். சுற்றிலும் ஹூக் பார்த்த அறை, அசையாமல் அப்படியே இருக்கும்.