கூஸ் குஞ்சின் கால் வளைவது வாதம் அல்ல

இந்த மாதமும் ஒரு கூஸ் வாத்துக் குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து. மூட்டு வீங்கி இரண்டு கால்களும் வளைந்துவிட்டன. எழ முயன்றால் நெஞ்சு தரையில் மோதுகிறது. அப்போதும் என் சட்டைப் பொத்தானை அலகால் பற்றி இழுக்கிறது. “வாதம் அடித்துவிட்டது டாக்டர், ஒரு ஊசி போடுங்கள்” என்கிறார் கொண்டுவந்தவர்.

வாதமும் இல்லை, தொற்றும் இல்லை. தீனிதான் காரணம். “சோறும் குருணையும் போதும், கோழி மாதிரி வளர்ந்துவிடும்” என்று சந்தையில் சொல்லி விற்றுவிடுகிறார்கள். கோழி மாதிரி வளராது, ஐயா! நயாசின் என்ற பி வைட்டமின் கோழிக்குஞ்சுக்குத் தேவைப்படுவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இதற்கு வேண்டும். தீட்டிய அரிசியில் அது சொற்பம். மக்காச்சோளத்தில் இருப்பதோ பெரும்பாலும் உடலில் சேராத வடிவில் இருக்கிறது. ஆகவே குருணையை நிறுத்தி மக்காச்சோளத்துக்கு மாறினாலும், கடையில் கோழிக்குஞ்சுத் தீவனம் வாங்கிப் போட்டாலும் குறை தீராது. சத்து ஏற்றுவதாக நினைத்து பிராய்லர் தீவனத்தை அள்ளிப் போடுபவர்களும் உண்டு. அதனால் இறக்கை நுனி வெளிப்புறமாகத் திருகிக்கொள்ளும்.

குஞ்சு வந்த நாளிலிருந்தே தீவனத்தில் நயாசின் நிறைந்த ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பொடி கலந்து கொடுங்கள். கூஸ் புல் மேயும் பறவை. அறுகம்புல்லையும் கீரையையும் பொடியாக நறுக்கிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் விடாதீர்கள், சாக்கு விரியுங்கள். தீனி வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் தண்ணீரும் இருக்கட்டும். தலை முங்கும் ஆழம் வேண்டும், ஏறி வெளியே வர ஒரு கல்லும் வேண்டும்.

தயவுசெய்து ஒற்றைக் குஞ்சு வாங்காதீர்கள். பொரித்ததும் பார்க்கும் உருவத்தையே தாயாக மனத்தில் பதித்துக்கொள்ளும் பறவை இது. கூஸ் குஞ்சுகளிடம் இதை ஆராய்ந்த ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தன் இனத்தையே பார்க்காமல் மடியில் வளர்ந்த ஆண், பருவம் வந்ததும் வீட்டாரையே போட்டியாக நினைத்து விரட்டிக் கடிக்கலாம். வெறி பிடித்துவிட்டதென்று அதை அறுத்துவிடுகிறார்கள். இரண்டாக வாங்குங்கள், அப்போதும் உங்கள் பின்னால்தான் ஓடிவரும்.

நடை சாயத் தொடங்கிய அன்றே கொண்டுவந்தால் நயாசின் கொடுத்துப் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். மூட்டில் தசைநாண் விலகிய பிறகு மருந்து உதவாது. புண்ணியமாகப் போகும், இரண்டு வாரம் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு வராதீர்கள்.