மெடிகேப் எடுக்க ஆறு மாதம்தான் அவகாசம்

நியூஜெர்சியில் மூத்தோருக்கான உடல்நலக் காப்பீட்டு ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பலரும் முதலில் கேட்பது, "எந்த பிளான் மலிவு?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "பார்ட் பி எந்தத் தேதியில் தொடங்கியது?" என்று. மெடிகேர் என்பது மூத்தோருக்கான அமெரிக்க அரசின் உடல்நலக் காப்பீடு; பார்ட் பி அதன் ஒரு பகுதி. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறெதையோ கேட்கிறாரே என்று சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஆனால் அந்தத் தேதி தெரியாமல் துணைக் காப்பீட்டைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

முதலில், துணை எதற்கு? 65 வயதில் மெடிகேர் கிடைத்துவிட்டால் மருத்துவச் செலவு முழுவதையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் பரவலாக இருக்கிறது. அது உண்மையில்லை. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் பார்ட் ஏ பணம் கொடுக்கும்; ஆனால் 2026 கணக்குப்படி முதல் 1,736 டாலரை நாம் கட்ட வேண்டும். இது ஆண்டுக்கு ஒரு முறை கட்டுவதும் அல்ல. மருத்துவமனையைவிட்டு வந்து 60 நாள் கடந்தபின் மறுபடியும் சேர நேர்ந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். 60 நாளுக்கு மேல் தொடர்ந்து படுத்திருந்தால் 61ஆம் நாளிலிருந்து 90ஆம் நாள்வரை தினமும் 434 டாலர். மருத்துவர், பரிசோதனை, வெளிநோயாளியாகப் பெறும் சிகிச்சை ஆகியவை பார்ட் பி கணக்கில் வரும். அதில் ஆண்டுக்கு முதல் 283 டாலர் நம்முடையது. அதற்கு மேல் மெடிகேர் ஏற்கும் தொகையில் 20 சதவீதம் நம்முடையது.

அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. சாதாரணக் காய்ச்சலுக்கு அது சில டாலர். புற்றுநோய்க்கு மருந்தேற்றும் மையத்தில் ஓராண்டு சிகிச்சை நடந்து, மெடிகேர் ஏற்ற தொகை ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், 20,000 டாலர் நம் தலையில் விழும். இந்த இடைவெளிகளை அடைப்பதற்காகத் தனியார் நிறுவனங்கள் விற்பதுதான் மெடிகேப் என்னும் துணைக் காப்பீடு.

இனி அந்தத் தேதிக்கு வருகிறேன். 65 வயது நிறைந்து, பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதங்களுக்கு உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. சர்க்கரை நோய், இதயத்தில் ஸ்டென்ட், கடந்த ஆண்டு வந்த புற்றுநோய் என்று எது இருந்தாலும், உங்கள் மாநிலத்தில் மெடிகேப் விற்கும் எந்த நிறுவனமும் உங்களை மறுக்க முடியாது. நோயைக் காட்டிக் கூடுதல் பிரீமியம் கேட்கவும் முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லலாம். அதற்கு முன் ஆறு மாதமாவது இடைவெளியின்றி முறையான வேறு காப்பீடு இருந்திருந்தால் அந்தக் காத்திருப்பும் இல்லை. ஆறு மாதம் முடிந்ததும், பெரும்பாலான மாநிலங்களில், நிறுவனம் உடல்நலக் கேள்விகளைக் கேட்கலாம். பிடிக்காத பதில் வந்தால் மறுக்கலாம். சர்க்கரையும் இதய நோயும் நம்மவரை எவ்வளவு இளம் வயதிலேயே பிடித்துக்கொள்கின்றன என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வித்தாளைத் தாண்டுவது நமக்கு எளிதில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் என்னிடம் வந்தார். 65 வயதில், மாதப் பிரீமியம் இல்லை என்பதற்காகவும், பல் சிகிச்சையும் சேர்த்துக் கிடைக்கிறது என்பதற்காகவும் மெடிகேர் பலன்களைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தார். சில ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் கண்டது. அவர் போக விரும்பிய சிகிச்சை மையம் அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அது ஒப்பந்தம் செய்துள்ள மருத்துவர்கள், மருத்துவமனைகளின் பட்டியலில், இல்லை. "அக்டோபர் வந்தால் எதற்கு வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம் என்றார்களே தம்பி" என்றார். அவருக்குச் சொல்லப்பட்டதில் பாதி உண்மை. ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அட்வான்டேஜ் திட்டத்தைவிட்டு, அரசே நேரடியாக நடத்தும் மூல மெடிகேருக்குத் திரும்பலாம், தடையில்லை. ஆனால் அங்கே 20 சதவீதத்தை அடைக்க மெடிகேப் வேண்டுமே, அதை விற்கும்படி எந்த நிறுவனத்தையும் அந்தப் பருவம் கட்டாயப்படுத்தாது. விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் நியூயார்க்கில் வசித்திருந்தால் ஆண்டின் எந்த நாளிலும் அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், கனெக்டிகட்டிலும் அப்படித்தான். நோய் ஒன்றுதான், மாநிலம் மாறினால் சட்டம் மாறிவிடுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர் ஓராண்டுக்குள் வந்திருந்தால் வழி இருந்தது. 65 வயதில் முதல் முறையாக மெடிகேரில் சேரும்போதே அட்வான்டேஜ் எடுத்தவர்கள், 12 மாதங்களுக்குள் விலகினால் உடல்நலக் கேள்விகள் இன்றி மெடிகேப் வாங்கலாம். அட்வான்டேஜ் திட்டம் உங்கள் பகுதியைவிட்டு வெளியேறினாலோ, நீங்கள் அதன் எல்லைக்கு வெளியே குடிபோனாலோ, பழைய காப்பீடு முடிந்தபின் 63 நாள்வரை இதே சலுகை உண்டு.

அட்வான்டேஜையே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதந்தோறும் மெடிகேப் பிரீமியம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. அதில் நாம் கட்டுவதற்கு உச்சவரம்பு உண்டு; 2026இல் நெட்வொர்க்குக்குள் அந்த வரம்பு 9,250 டாலரைத் தாண்டக் கூடாது. ஆனால் நெட்வொர்க்கும், சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கும் நடைமுறையும் அதோடு சேர்ந்தே வரும். மூல மெடிகேரோடு மெடிகேப் வைத்திருப்பவர், மெடிகேர் ஏற்கும் எந்த மருத்துவரிடமும் நாடு முழுவதும் போகலாம். பிள்ளைகள் டெக்சாஸில் ஒருவர், கலிஃபோர்னியாவில் ஒருவர் என்று இருக்க, ஆண்டில் பாதியை அவர்கள் வீடுகளில் கழிக்கும் பெற்றோருக்கு இது சிறிய விஷயமில்லை.

பிள்ளைகள் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்து அழைத்து வந்த அப்பா அம்மாக்களின் நிலை இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் தொடர்ந்து ஐந்தாண்டு வசித்தபின் அவர்கள் மெடிகேரை விலை கொடுத்து வாங்கலாம். இங்கே வேலை செய்து 40 காலாண்டு வரி கட்டாதவர்களுக்கு பார்ட் ஏ இலவசமில்லை. 2026இல் மாதம் 565 டாலர்வரை ஆகும். கணவனோ மனைவியோ கட்டிய வரி உதவும்; பிள்ளைகள் எத்தனை ஆண்டு கட்டியிருந்தாலும் கணக்கில் வராது. இந்தத் தொகையைப் பார்த்து மலைத்து, மாதம் 202.90 டாலரில் பார்ட் பி மட்டும் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மெடிகேப் வாங்க ஏ, பி இரண்டும் வேண்டும். ஆனால் ஆறு மாதக் கணக்கு, பார்ட் பி தொடங்கியதுமே ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு ஆண்டு கழித்துப் பார்ட் ஏயும் வாங்கிக்கொண்டு வரும்போது அவகாசம் எப்போதோ முடிந்திருக்கும். ஆகவே பார்ட் பி படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, பார்ட் ஏ, மெடிகேப், மருந்துக்கான பார்ட் டி எல்லாவற்றின் மாதச் செலவையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பீடு இருக்கும்போது, "எதற்கும் இருக்கட்டும்" என்று 65 வயதில் பார்ட் பி எடுத்தால் அவகாசம் வீணாகக் கரைந்துவிடும். ஓய்வுபெறும்போது எடுத்தால் அபராதமும் இல்லை, ஆறு மாதமும் அப்போதுதான் தொடங்கும். வேலையை விட்டபின், பழைய நிறுவனத்தின் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரும் கோப்ராவை எடுத்துக்கொண்டு பார்ட் பியைத் தள்ளிப்போடாதீர்கள். கோப்ரா வேலையில் இருப்பதாகக் கணக்கில் வராது.

எந்தப் பிளான் என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. பெரும்பாலான மாநிலங்களில் மெடிகேப் பிளான்கள் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒரே எழுத்துள்ள பிளான் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றே, பிரீமியம்தான் வேறு. மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றுக்கும் தனி முறை. 2020 ஜனவரி 1 முதல் புதிதாகத் தகுதி பெறுபவர்களுக்கு சி, எஃப் இல்லை. ஆகவே அவர்களில் பலர் ஜி (G) அல்லது என் (N) என்ற இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். ஜி எடுத்தால் மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளில் பார்ட் பியின் முதல் 283 டாலரைத் தவிர ஏறக்குறைய எல்லாம் அடைபடும். என் (N) பிளானின் பிரீமியம் குறைவு. ஆனால் மருத்துவரைப் பார்க்கும்போது 20 டாலர்வரையும், அவசரப் பிரிவுக்குப் போய் உள்நோயாளியாகச் சேராமல் திரும்பினால் 50 டாலர்வரையும் கட்ட வேண்டியிருக்கும். மெடிகேர் விலையை அப்படியே ஏற்காத மருத்துவர் கூடுதலாக 15 சதவீதம்வரை கேட்டால் அதையும் என் (N) பிளான் தராது. அடிக்கடி மருத்துவரிடம் போகாதவருக்கு என் (N) பிளான் போதும். பல நோய்களுக்குப் பல மருத்துவர்களைப் பார்ப்பவருக்கு நான் ஜியைத்தான் சொல்வேன்.

விலை ஒப்பிடும்போது இன்றைய பிரீமியத்தோடு நிற்காதீர்கள். வயது ஏற ஏற உயரும் முறையா, சேர்ந்த வயதை வைத்துக் கணக்கிடும் முறையா, எல்லோருக்கும் ஒரே விலையா என்று கேளுங்கள். கடந்த ஆண்டுகளில் எவ்வளவு உயர்த்தினார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

இனி ஊர்ப் பயணம். மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போய்ப் பங்குனியில் திரும்பும் பெற்றோர் நிறைய இருக்கிறார்கள். இந்தியாவில் மெடிகேர் செல்லாது. ஜி (G), என் (N) உள்ளிட்ட சில பிளான்களில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு உதவி உண்டு: முதல் 250 டாலர் நம்முடையது, அதற்கு மேல் 80 சதவீதம் அவர்கள் தருவார்கள், வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். ஆனால் பயணம் தொடங்கிய முதல் 60 நாளுக்குள் வந்த அவசரத்துக்கு மட்டும். மூட்டு மாற்று, கண்புரை போன்று திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்குக் கிடையாது. மூன்று மாதம் தங்குபவர்கள் தனியாகப் பயணக் காப்பீடும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டு உள்ளவர்களுக்கு மெடிகேப் பெரும்பாலும் தேவையில்லை. அவர்களுக்கு விற்பதையே சட்டம் பெரிதும் தடுக்கிறது. வருமானம் குறைந்தவர்கள், பார்ட் பி பிரீமியத்தையே மாநிலம் கட்டும் மெடிகேர் சேமிப்புத் திட்டங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் போன்றவர்களுக்கு நிறுவனங்கள் கமிஷன் தருகின்றன. அதனால் எதையும் விற்காத, கட்டணமும் வாங்காத, ஷிப் (SHIP) என்னும் அரசு ஆலோசனைத் திட்டத்தின் ஆலோசகர்களிடமும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தில் உள்ள மெடிகேர் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பார்ட் பி தொடங்கும் தேதி அதிலேயே அச்சிட்டிருக்கும். ஏற்கெனவே வேறு காப்பீடு இருந்தால், புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை அதை ரத்து செய்யாதீர்கள்.